பனி தாங்கும் என்று வந்த செய்தி

தாம்பெரே,
அக்டோபர் 14

அன்புள்ள அம்மாவுக்கு,

ரீக்கா எழுதுகிறேன். நானும் ஹில்லாவும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? காது டாக்டர் கொடுத்த கருவியை இழுப்பறையில் பத்திரப்படுத்தாமல் காதில் மாட்டிக்கொள். போனில் உன்னிடம் நான் கத்துகிற கத்தலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுகிறார். அதனால்தான் காகிதமும் பேனாவும்.

அப்பா இல்லாமல் வரப்போகிற முதல் குளிர்காலம் இது. ஏரி எத்தனை சென்டிமீட்டர் உறைந்திருக்கிறது, நடந்தால் தாங்குமா என்று அவர் எழுதிவந்த பனிக் குறிப்புகள் நின்றுபோகக் கூடாது என்று ஏப்ரலில், அவரை அடக்கம் செய்த அன்றே சொன்னேன் இல்லையா? வேலையைத் தொடங்கிவிட்டேன். அவர் எழுதிவந்த பழைய இணையத்தளத்தை அதை நடத்துகிறவர்கள் மூடுகிறார்கள். பத்தொன்பது குளிர்காலம் எழுதியிருக்கிறார் மனிதர்! ஒரு வரிகூட விடாமல் என் கணினிக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

எப்படி வேலை செய்யும் என்று கேட்டாய். ஒவ்வொரு நாள் குறிப்பும் ஒரு தனிக் கோப்பு. நான் கட்டளை கொடுத்தால் ஒரு நிரல் எல்லாக் கோப்புகளையும் படித்து, தேதி பார்த்து அடுக்கி, புதியதை மேலே வைத்து ஒரு பட்டியல் போடும். உணவகத்தில் போல யாராவது கேட்டபிறகு சமைக்கிற கதை இல்லை. நீ சனிக்கிழமை கறுப்பு ரொட்டி சுட்டு வாரம் முழுக்க வைத்துக்கொள்கிறாயே, அப்படி எல்லாப் பக்கங்களையும் ஒரே தடவையில் செய்து வைத்துவிடும். பட்டியலின் மேலே இருக்கிற சில குறிப்புகளை மட்டும் செய்தியோடை என்று இன்னொரு கோப்பிலும் எழுதும். ஊர்க்காரர்களின் கைபேசிகள் அந்த ஓடையை அவ்வப்போது எட்டிப் பார்த்து, புதிதாக ஏதாவது வந்திருந்தால் மணியடித்துச் சொல்லும். அவ்வளவுதான் சங்கதி.

யர்மோ வாத்தியார் இந்த வருடம் பனியை அளந்து எனக்கு அனுப்புவார். அப்பா எழுதிய மாதிரியே சுருக்கமாக, பெயர் போடாமல் எழுதச் சொல்லியிருக்கிறேன். ஊர் அந்த நடைக்குப் பழகியிருக்கிறது.

ரெய்னோ சித்தப்பாவைக் கேட்டதாகச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்,
ரீக்கா

*

லெப்பாசாரி,
அக்டோபர் 25

என் ரீக்காவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் இங்கே குறை ஒன்றும் இல்லை. முழங்கால் அது பாட்டுக்கு வலிக்கிறது, நான் என் பாட்டுக்கு நடக்கிறேன். ஹில்லாவுக்கு இருமல் விட்டதா? கம்பளிக் காலுறை பின்னி அனுப்பியிருக்கிறேன், சின்னதாய்ப் போனால் பிரித்துப் பின்னிக்கொள்ளலாம்.

பட்டியல் என் கைபேசியில் வருகிறது. என் மகள் செய்ததைத்தான் ஊரே பார்க்கப்போகிறது என்று கடையில் சொன்னேன். கல்லாவில் இருந்த தூலா, “தெரியும் ஆய்லி அக்கா, மூணாவது தடவையா சொல்றீங்க” என்றாள். நாலாவது தடவையும் சொல்வேன். அவளுக்கென்ன போச்சு?

உன் சித்தப்பா இன்று திரும்பிப் போனதும் படகைக் கரையேற்றிக் கவிழ்த்துவிடப் போகிறான். கடைசித் தடவையாகக் காபி குடிக்க வந்தவன், “அண்ணி, இனிமே பனி தாங்குற வரைக்கும் நீங்க தீவுக்கு ராணி, நான் கரையில அனாதை. என் காபியை நானே குடிச்சுக்கணும்” என்று முகத்தைத் தொங்கப்போட்டான். “உன் காபியைக் குடிக்கிறதுக்குக் கோணியை ஊறவச்சுக் குடிக்கலாம்” என்றேன். “அண்ணன் ஏன் என் வீட்டுக்கே வரலைன்னு இப்பத்தான் புரியுது” என்று சிரித்தான். உன் அப்பா போனபிறகு அவன் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன்.

இரண்டுங்கெட்ட காலம் வந்துவிட்டது. படகும் போகாது, காலும் போகாது. தபாலெல்லாம் அக்கரையில் ரெய்னோ வீட்டில் தங்கும். இந்தக் கடிதம்கூட அவன் படகோடுதான் போகிறது. தீவுக்கும் கரைக்கும் நடுவே ஏரி குறுகுகிற அந்தக் கழுத்தில் பனி தாங்குகிறது என்று பட்டியலில் வந்ததும் முதல் ஆளாக உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு வருவான். அதுவரை என்னிடமிருந்து பதில் இல்லையே என்று கலங்காதே.

சாப்பிட்டுத் தூங்கு. உன் அம்மா.

*

தாம்பெரே,
நவம்பர் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

காலுறை ஹில்லாவுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கிறது. கழற்ற மாட்டேன் என்கிறாள். இருமல் போய்விட்டது, முன்பல்லும் போய்விட்டது. “அம்மா, இதைப் பாட்டி ஏரியில போட்டா, மீனுக்குப் பல்லு முளைக்குமா?” என்று கேட்கிறாள். உன்னிடம் கேட்டு எழுதச் சொன்னாள்.

பழைய கணினி இரைகிறது, சூடாகிறது. புதியது வாங்கிவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் குறிப்புகளை அதற்கு மாற்றி, தளத்தை அங்கிருந்தே செய்துவிடுவேன். உங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

இங்கே மழைதான். அங்கே குளிர் இறங்கிவிட்டது என்று யர்மோவின் குறிப்பில் பார்த்தேன். கழுத்துப் பக்கம் இன்னும் மெல்லிசு, அடியில் நீரோட்டம் இருக்கிறதே. காபி ஆசையில் சித்தப்பா அவசரப்படப் போகிறார். ‘தாங்கும்’ என்று பட்டியலில் வரட்டும், பிறகு வரச் சொல்.

முத்தங்களுடன்,
ரீக்காவும் ஹில்லாவும்

*

லெப்பாசாரி,
டிசம்பர் 4

ரீக்காவுக்கு,

சுகமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? ரயிலில் ஹில்லா தூங்கினாளா? அடக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்கு நான் ஒழுங்காக வணக்கம்கூடச் சொல்லவில்லை. சொன்னதாகச் சொல்லிவிடு. இறுகிப்போன மண்ணை வெட்ட இயந்திரம் கொண்டுவந்தார்கள். ரெய்னோவுக்கு அவன் அண்ணன் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

சர்ச் கூடத்தில் நீ என்னிடம் ஏதோ கேட்க வந்தாய். கூட்டத்தில் காது கேட்கவில்லை.

அன்றைக்கு அவன் வலை பார்க்கத்தான் போயிருக்கிறான், பனி உடைந்துவிட்டது. ஏரியோரத்து ஆண்களுக்கு அது உள்ளதுதான். அவனுக்கு எழுபத்தொன்று ஆயிற்று.

இப்போது பனி நன்றாக இருக்கிறது. தபால் நேராக வருகிறது. உன் நவம்பர்க் கடிதமும் கிடைத்தது. மை கரைந்து சில இடம் படிக்க முடியவில்லை. ஹில்லா பல்லைப் பற்றி ஏதோ கேட்டிருக்கிறாள், என்னவென்று மறுபடி எழுது.

அம்மா.

*

தாம்பெரே,
டிசம்பர் 12

அன்புள்ள அம்மாவுக்கு,

தூங்குகிறாயா? சாப்பிடுகிறாயா? தூலாவை வாரம் இரண்டு தடவை உன்னை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அவளை விரட்டாதே.

பல்லை உன் ஏரியில் போட்டால் மீனுக்குப் பல் முளைக்குமா என்று கேட்டாள். அவ்வளவுதான்.

அம்மா, மை கரைந்திருக்கிறது என்றால் அந்தக் கடிதம் அவரோடு தண்ணீரில் இருந்திருக்கிறது. வலை பார்க்கப் போனவர் பையில் என் கடிதம் எப்படி வந்தது?

நான் ஒன்று சொல்கிறேன், பொறுமையாகப் படி. அந்த ஞாயிறு கோப்புகளைப் புதுக் கணினிக்கு மாற்றினேன். அப்பா குறிப்புக்குள்ளே தேதி எழுதுகிற வழக்கமே இல்லை. கோப்பு சேமிக்கப்பட்ட நாளைத்தான் நிரல் தேதியாக எடுத்துக்கொண்டிருந்தது. பழைய தளத்திலிருந்து எடுத்தபோது அது மாறாமல் வந்தது, இந்தத் தடவை மாற்றியபோது எல்லாக் கோப்புகளும் அன்றைக்குச் சேமித்தவையாக ஆகிவிட்டன. நான் அதைக் கவனிக்கவில்லை. கட்டளை கொடுத்தேன், பட்டியல் வந்தது, கணினியை மூடிவிட்டேன். பத்தொன்பது குளிர்காலமும் ஒரே தேதியில் வந்து நின்றிருக்கின்றன. அதில் மேலே வந்தவை எல்லாருடைய கைபேசிக்கும் புதுச் செய்தியாகப் போயிருக்கின்றன.

திங்கள் மதியம் யாரோ எழுதினார்கள், பழசெல்லாம் புதுசாக வருகிறதே என்று. உடனே சரிசெய்தேன். அலுவலகத்தில், “எங்கப்பா ஒரே நாள்ல பத்தொன்பது வருஷத்தையும் எழுதிட்டாரு” என்று சொல்லிச் சிரித்தேன், அம்மா. எல்லாரும் சிரித்தார்கள். சாயங்காலம் தூலா கூப்பிட்டாள்.

அடக்கம் முடிந்து காபி குடிக்கும்போது யர்மோ என் பக்கத்தில் வந்து, “பட்டியல் இப்ப சரியாயிடுச்சில்ல, ரீக்கா?” என்று மட்டும் கேட்டார். பதிலுக்கு நிற்கவில்லை.

சித்தப்பா அதைப் பார்த்தாரா? இதைத்தான் கூடத்தில் கேட்க வந்தேன். நீ எழுதும் வரை எனக்கு வேறு வேலை ஓடாது.

ரீக்கா

*

லெப்பாசாரி,
டிசம்பர் 27

ரீக்காவுக்கு,

பண்டிகை எப்படிப் போனது? நீ வரவில்லை என்று நான் குறைப்படவில்லை. இங்கே நல்ல குளிர். பன்றித் தொடைக்கறி சின்னதாக ஒன்று வாட்டினேன், அதுவே மிஞ்சிவிட்டது. கல்லறையில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினேன். ரெய்னோவுடையது அணைந்து அணைந்து போயிற்று, தூலா தொப்பியைக் கழற்றி மறைத்துப் பிடித்தாள். நரி ஒன்று படகுக் கொட்டகைப் பக்கம் வருகிறது. இந்த வருடம் பால் விலை ஏறியிருக்கிறது. ஹில்லாவிடம் சொல், மீனுக்கு ஏற்கனவே பல் இருக்கிறது, அவளுடையதை அவளே வைத்துக்கொள்ளட்டும்.

நீ கேட்டதற்கு: பார்க்கவில்லை. அவன் கைபேசி சார்ஜ் இல்லாமல் கிடந்தது. கடிதம் சட்டைப் பையில் எப்போதும் இருந்திருக்கும், அவன் எதையும் பையிலிருந்து எடுக்கிற ஆள் இல்லை.

இனிமேல் இதைக் கேட்காதே.

அம்மா.

*

தாம்பெரே,
ஜனவரி 8

அம்மாவுக்கு,

உனக்குப் பொய் எழுத வராது. நரியையும் பால் விலையையும் முன்னால் நிறுத்திவிட்டு எழுதுகிறாய்.

அன்றைக்கு ஓடையின் உச்சியில் போனது எது என்று தேடி எடுத்தேன். எட்டு வருடத்துக்கு முந்தைய மார்ச் மாதத்துக் குறிப்பு. “கழுத்து: பதினேழு சென்டிமீட்டர். நடந்து வருகிறவரைப் பனி தாங்கும்.” அப்பாவின் குறிப்பு. மேலே நவம்பர் மாதத்துத் தேதி. நான் போட்ட தேதி.

தளத்தை இறக்கிவிட்டேன். பட்டியல் இல்லை, ஓடை இல்லை. திறந்தால் வெள்ளைப் பக்கம்தான் வரும். இனி என்னை நம்பி யாரும் அந்த ஏரியில் கால் வைக்க வேண்டாம். யர்மோவிடமும் சொல்லிவிட்டேன்.

ஹில்லா சுகம். நீ சுகமாக இரு.

ரீக்கா

*

லெப்பாசாரி,
ஜனவரி 22

ரீக்காவுக்கு அம்மா எழுதுவது. உடம்பு நன்றாக இருக்கிறது. கோபமும் நன்றாக இருக்கிறது.

பட்டியலை இறக்கினாயாமே. யர்மோ பாவம், அளந்ததைக் காகிதத்தில் எழுதிக் கடைக் கதவில் ஒட்டுகிறார். கடை அக்கரையில் இருக்கிறது. ஏரியைத் தாண்டலாமா என்று தெரிந்துகொள்ள நாங்கள் ஏரியைத் தாண்டிப் போய்ப் படிக்க வேண்டுமா? சொல்லு.

நடுவில் நாலு நாள் குளிர் விட்டு மழை அடித்தது. எனக்கு ஊசி போட வருகிற நர்ஸ் பெண் தன் பனிவண்டியில் வந்தாள். கழுத்தில் வண்டியின் பின்பக்கம் உள்ளே இறங்கிவிட்டது. இடுப்பு வரை நனைந்து, தவழ்ந்து ஏறி, என் அடுப்புக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். பல் கிட்டிக்கொண்டு பேச்சு வரவில்லை. முதல் வார்த்தையாக, “ஆய்லி அத்தை, பட்டியல் எங்க போச்சு?” என்றாள். என் மகள் துக்கத்தில் இருக்கிறாள் என்றேன். வேறென்ன சொல்வது? இருபத்தாறு வயசுப் பெண். அவளுக்கும் ஒரு அம்மா இருக்கிறாள்.

அதனால் இப்போது சொல்கிறேன். ஒரு தடவைதான் சொல்வேன்.

அன்றைக்குக் காலையில் போன் அடித்தது. நீ சொன்னபடி காதில் கருவியை மாட்டியிருந்தேன், அதனால் நன்றாகவே கேட்டது. ரெய்னோ. சின்னப்பிள்ளை மாதிரி குரல். “அண்ணி, வந்துடுச்சு! வாத்தியார் இன்னைக்கு எழுதியிருக்கிறது அச்சு அசல் அண்ணன் எழுதுன மாதிரியே இருக்கு. படிக்கிறேன் கேளுங்க. கழுத்து, பதினேழு சென்டிமீட்டர். நடந்து வருகிறவரைப் பனி தாங்கும். பாத்தீங்களா? மனுஷன் கத்துக்கிட்டாரு! ரீக்கா லெட்டர் வந்திருக்கு, எடுத்துட்டு வர்றேன். காபியை வையுங்க.” நான், “பாத்து வா” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

காபி வைத்தேன். ஜன்னலில் நின்றேன். சறுக்குவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். பனியைக் குத்திப் பார்க்கிற கோலை வண்டியில் கட்டிவைத்திருந்தான், கையில் எடுக்கவில்லை. அண்ணன் சொல்லிவிட்டால் அவன் எப்போதும் குத்திப் பார்க்க மாட்டான். கழுத்துக்கு வந்ததும் கையைத் தூக்கி ஆட்டினான். நானும் ஆட்டினேன். அப்புறம் வண்டி நின்றது, அவன் இல்லை.

எழுத்து யாருடையது என்று அவனுக்குச் சரியாகவே தெரிந்தது, ரீக்கா. எந்த நாளுடையது என்றுதான் தெரியவில்லை.

உன் தப்பு இல்லை என்று எழுத மாட்டேன். ஒரு தடவை பொய் எழுதிப் பார்த்தேன், உன்னிடம் அது செல்லவில்லை. தப்புதான். சாகிற வரைக்கும் உன்னோடு இருக்கும். எனக்கு அந்த ஜன்னல் இருக்கிற மாதிரி. ஆனால் பட்டியலை இறக்கி வைத்துவிட்டு அங்கே உட்கார்ந்து அழுகிறாயே, அதில் யாருக்கு என்ன பிரயோசனம்? அந்த நர்ஸ் செத்திருந்தால் அதை எந்தத் தேதியில் எழுதுவாய்?

திரும்ப ஏற்று. நான் உன்னை வெறுக்கவில்லை. வெறுத்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன், கை வலிக்கிறது.

அம்மா.

*

தாம்பெரே,
மார்ச் 2

அன்புள்ள அம்மாவுக்கு,

இத்தனை வாரம் எழுதாததற்குக் கோபிக்காதே. எழுத உட்கார்ந்தால் நீ கையாட்டியது கண்ணில் வந்துவிடுகிறது. உன் கை வலி எப்படி இருக்கிறது? ஹில்லாவுக்குப் புதுப்பல் எட்டிப் பார்க்கிறது.

பிப்ரவரி நடுவிலிருந்து பட்டியல் ஓடுகிறது, பார்த்திருப்பாய். யர்மோ அனுப்பிய மறுநிமிடம் போடுகிறேன். இந்தத் தடவை அப்பாவின் ஒவ்வொரு கோப்பையும் திறந்து, பழைய தளத்தின் பிரதியோடு ஒப்பிட்டு, அந்தந்த நாளை உள்ளேயே கையால் எழுதினேன். பெயரும் எழுதினேன். வெய்க்கோ என்று. வேலைக்குப் போய்வந்து தினமும் கொஞ்சம் கொஞ்சமாக. தேதியோ பெயரோ இல்லாத குறிப்பு ஒன்று இருந்தால்கூட நிரல் நின்றுவிடும், பக்கமே செய்யாது. அதை முதலிலேயே செய்திருக்கலாம். அரை மணி நேர வேலை, அம்மா.

எல்லாவற்றையும் படித்தேன். பனியைத் தவிர அவர் எதையுமே எழுதவில்லை என்று நினைத்திருந்தேன். நான் பிறந்த ஊருக்கே வராமல் இருந்த அந்த வருடம், ஒரு குறிப்பில், “விரிகுடா: முப்பது. கழுத்து: இருபத்திரண்டு. தாம்பெரேயிலிருந்து வருகிறவர்களையும் தாங்கும்” என்று எழுதியிருக்கிறார். ஊரே படித்திருக்கிறது. நான் படிக்கவில்லை.

நடுவில் யர்மோ கடைக் கதவில் ஒட்டியவற்றையும் வாங்கிச் சேர்த்துவிட்டேன். பட்டியலில் ஒரே ஒரு ஓட்டை இருக்கிறது. நவம்பர் பதினேழு. யர்மோ அன்று மதியம் அளந்து அனுப்பியிருந்தார். நான் பழையதைச் சரிசெய்கிற மும்முரத்தில் அதைப் போடவில்லை, சாயங்காலம் தூலாவின் போன் வந்துவிட்டது. பதினாறு இருக்கிறது, பதினெட்டு இருக்கிறது. நடுவில் ஒன்றும் இல்லை. அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் கோப்பைத் திறந்து, தேதியை எழுதி, அப்படியே மூடிவிடுகிறேன்.

உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.

ரீக்கா

*

லெப்பாசாரி,
மார்ச் 13

என் ரீக்காவுக்கு,

கை தேவலை. கடுகு அரைத்துப் பற்றுப் போட்டேன், நாற்றத்தில் நரிகூட ஓடிவிட்டது. ஹில்லாவின் புதுப்பல் நேராக வருகிறதா என்று பார்.

பட்டியலைத் தினமும் பார்க்கிறேன். நர்ஸ் பெண்ணும் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறாள். உன் அப்பா பெயரை அதில் பார்த்ததும் கொஞ்ச நேரம் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு மறுபடி எடுத்துப் பார்த்தேன். கடையில் தூலாவிடமும் காட்டினேன். இந்தத் தடவை அவள் எத்தனாவது தடவை என்று எண்ணவில்லை.

இடம் காலியாக இருக்கக் கூடாது. அந்த நாளும் ஒரு நாள்தான். யர்மோ வீட்டுக்குப் போய், அன்றைக்கு என்ன அளந்தீர்கள் என்று கேட்டேன். அவர் எழுந்துபோய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு சொன்னார். அதை நான் கீழே எழுதியிருக்கிறேன். ஒரு எழுத்துகூட மாற்றாமல் போடு. அந்தத் தேதியில், அந்த இடத்தில் மட்டும் போடு. ஓடையில் விடாதே. யார் கைபேசியிலும் மணியடிக்க வேண்டாம்.

நவம்பர் 17.
கழுத்து: நான்கு சென்டிமீட்டர். பனி தாங்காது. யாரும் வர வேண்டாம்.
எழுதியது: ஆய்லி.